குதிகால் தரையில் படாத சிறுமி

தென்கொரியாவின் சோல் நகரில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே 2011 டிசம்பர் 14 அன்று நிறுவப்பட்ட வெண்கலச் சிறுமி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைகள் இறுகியிருக்கின்றன. தலைமயிர் தாறுமாறாக வெட்டப்பட்டிருக்கிறது. வெறுங்கால்களின் குதிகால் தரையைத் தொடவில்லை. ஊர் திரும்பியும் சொந்த மண்ணில் நிம்மதியாகக் கால் ஊன்ற முடியாமல் போனவள் அவள். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜப்பானிய ராணுவம் ‘ஆறுதல் மகளிர்’ என்று கூசாமல் பெயரிட்டுப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களுக்காக, கிம் சியோ-கியுங், கிம் உன்-சுங் என்ற சிற்பித் தம்பதி இதைச் செய்தார்கள். போர் நினைவுச்சின்னம் என்றால் உயரமான பீடம், அண்ணாந்து பார்க்க ஒரு வீரன் என்பதுதான் வழக்கம். இவளோ தெருமட்டத்தில் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. யார் வேண்டுமானாலும் போய் உட்காரட்டும் என்று வைத்தது அது. உட்கார்ந்தால் தோளும் தோளும் ஒரே உயரத்தில் வரும். குளிர்காலத்தில் மக்கள் அவளுக்குக் கம்பளித் தொப்பி போட்டு, கழுத்தில் சால்வை சுற்றிவிட்டிருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு நகரவிடாமல் பார்ப்பவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்வதுதான் இந்தச் சிற்பத்தின் பலம் என்பேன்.

தூதரக வாசலில் இப்படி வைப்பது தன் நாட்டை அவமதிப்பதாகும் என்று ஜப்பான் ஆட்சேபிக்கிறது. தென்கொரியாவுடனான 2015 ஒப்பந்தத்தில் 100 கோடி யென் தர முன்வந்தபோதும் சிலையை அகற்றும் பேச்சு கூடவே வந்தது. தூதரகங்களின் கண்ணியம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால், பாதிக்கப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எட்டிய உடன்பாடு, அவர்களுடைய நினைவுச்சின்னத்தின் இடத்தை எப்படித் தீர்மானிக்கும்? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் சிறுமிகள் அல்லர். களங்கமற்ற சிறுமியை மட்டும் காட்டினால், வயதில் மூத்தவர்களும் வறுமையால் ஏமாந்து போனவர்களும் மறைந்துவிட மாட்டார்களா? அந்த ஆபத்து உண்மையானது. சிற்பிகள் அதற்குப் பாதி பதில் தந்திருக்கிறார்கள். சிறுமிக்குப் பின்னால் தரையில் பதித்த நிழல் சிறுமியுடையது அல்ல, கூன் விழுந்த ஒரு பாட்டியுடையது. மீதிப் பாதியைக் கல்லிலும் வெண்கலத்திலும் தேட முடியாது. அது சாட்சி சொன்ன பெண்களின் வாய்மொழியில் இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 14 அன்று, அவர்களில் ஒருவரான கிம் ஹக்-சுன் தன் சொந்தப் பெயரோடு, தன் முகத்தைக் காட்டிப் பேசினார். அடுத்த ஜனவரியில், நீதி கேட்டு வாராந்தரப் புதன்கிழமைப் போராட்டம் தொடங்கியது; சிலை வந்தது அதன் ஆயிரமாவது புதன்கிழமையில். 2017-இல் அதே ஆகஸ்ட் 14 அன்று, சோல் நகரின் 151-ஆம் எண் பேருந்துகள் சிலவற்றின் இருக்கைகளில் இந்தச் சிறுமியின் சிலைகள் ஏறின. ஆபீஸ் போகிறவர்களோடு சேர்ந்து, தூதரகம் இருக்கும் பகுதி வழியாகவே அவை போய்வந்தன. கிம் ஹக்-சுன் அதைப் பார்க்கவில்லை, 1997-இலேயே இறந்துவிட்டார். சிறுமியின் பக்கத்திலுள்ள காலி நாற்காலி, அவரைப் போலக் காத்திருந்து போய்விட்டவர்களுக்கும்தான்.