பழைய ஜீப்பில் எக்ஸ்ட்ரா சுவிட்ச் வைக்கப் போறீங்களா? டேஷ்போர்டில் ஓட்டை போடும் முன் இதைப் படிங்க!

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் ரோடு. மேலே போகப் போக மேகம் ரோட்டிலேயே இறங்கிவிடும். பழைய மஹிந்திரா ஜீப்பின் ரெண்டு ஹெட்லைட்டும் அந்த வெள்ளைக்குள் கரைந்து போகும். ‘வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ரெண்டு ஃபாக் லைட் மாட்டணும்’ என்று அந்த நிமிடம் தோன்றாத ஜீப் ஓனர் ரொம்பக் குறைவு.

ஃபாக் லைட் என்றால் அதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும். கூடவே மொபைல் சார்ஜருக்கு ஒன்று, பின்னால் ஒர்க் லைட்டுக்கு ஒன்று என்று லிஸ்ட் நாலைந்தாகிவிடும். அந்தக் காலத்து டேஷ்போர்டில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. ‘அண்ணாச்சி, நாலு சுவிட்ச் வைக்கணும்’ என்று பட்டறையில் போய் நின்றால், சட்டென்று நடக்கக் கூடியது ஒன்றுதான்: ட்ரில் மெஷின் வெளியே வரும்.

அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

டேஷ்போர்டில் ஓட்டை போட்டால் என்ன?

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சிஜே 3பி போன்ற ஜீப்புகளில் டேஷ்போர்டு என்பது இன்றைய கார் போல க்ளிப்பை எடுத்தால் கழன்று வரும் பிளாஸ்டிக் அல்ல. பாடியோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்ட இரும்புத் தகடு. அதில் ஓட்டை போடுவது பாடியிலேயே ஓட்டை போடுவதுதான்.

ஓட்டையின் ஓரத்தில் பெயின்ட் போய்விடும். மழையில் அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். தமிழ்நாட்டு மழை அளவுப் பட்டியலில் நாலுமுக்கு, ஊத்து என்ற பெயர்களை அடிக்கடி பார்த்திருப்பீங்க. இரண்டுமே மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பகுதிகள்தான். அந்த மழையில் துணி டாப் போட்ட ஜீப்பின் உள்பக்கம் காய்ந்தே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நாளைக்கு சுவிட்ச் வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஓட்டையை அடைக்க டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று செலவு வரிசையாக வரும். ஒரிஜினல் டேஷ்போர்டைத் தேடி வாங்குபவர்களிடம் விலையும் குறையும்.

அப்போ பேனலை எங்கே வைப்பது?

உங்க ஜீப்பில் ஏற்கெனவே இருக்கும் இடங்களை முதலில் பாருங்க.

1. சும்மா கிடக்கும் ஓட்டைகள்: பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்த வண்டி என்றால், சோக் கேபிள் இருந்த ஓட்டை காலியாக இருக்கலாம். சாதாரண டாகிள் சுவிட்சுக்கு 12 மி.மீ. ஓட்டை போதும். ஒரே ஒரு சுவிட்ச்தான் வேண்டும் என்றால் வேலை இங்கேயே முடிந்தது. ஆனால் அந்த ஓட்டையில் இப்போது டீசல் இன்ஜினை நிறுத்தும் கேபிள் இருக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

2. டேஷுக்குக் கீழே தொங்கும் பேனல்: மூன்று நான்கு சுவிட்ச் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் பெஸ்ட். ‘எல்’ வடிவத்தில் மடித்த ஒரு தகடு. ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளிலோ, டேஷின் கீழ் விளிம்பில் க்ளாம்ப் போட்டோ மாட்டலாம். 2 மி.மீ. அலுமினியம் போதும், துருவும் பிடிக்காது. எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் வெட்டி மடித்துத் தருவார்கள். அதற்கு முன் ஒரு கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி மாட்டிப் பாருங்க. கியர் லிவர், ஃபோர் வீல் லிவர் எல்லாவற்றையும் எல்லா நிலைக்கும் தள்ளிப் பாருங்க. கை இடிக்கக் கூடாது, முழங்காலும் இடிக்கக் கூடாது. தகட்டின் விளிம்பை மடித்து ரப்பர் பீடிங் போடுவது கட்டாயம். பிரேக் அடிக்கும்போது முழங்கால் போய் மோதும் இடம் அது.

3. க்ளவ் பாக்ஸ் மூடி: உங்க வண்டியில் மூடி கழற்றக் கூடியதாக இருந்தால், அதே அளவில் இன்னொரு மூடி செய்து அதில் சுவிட்ச் வைக்கலாம். ஒரிஜினல் மூடி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். ஒரு மைனஸ்: டிரைவர் எட்டித் தொட வேண்டியிருக்கும். அதனால் அடிக்கடி தேவைப்படாத சுவிட்சுகளுக்கு மட்டும் இது சரி.

4. ரெடிமேட் பேனல்: படகுகளுக்காகத் தயாரிக்கும் ‘மரைன்’ சுவிட்ச் பேனல்கள் 4, 6 சுவிட்சோடு ஆன்லைனில் கிடைக்கும். தண்ணீர் படும் இடத்துக்கென்றே செய்ததால் நம்ம மலை மழைக்கும் தாங்கும். டேஷுக்குக் கீழே இருக்கும் இடத்தை அளந்த பிறகு ஆர்டர் போடுங்க.

விண்ட்ஷீல்டு ஃபிரேமில் மட்டும் வைக்காதீங்க. இந்த ஜீப்புகளில் கண்ணாடி ஃபிரேம் முன்னால் மடங்கும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் ஒயர் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து கடைசியில் அறுந்துவிடும்.

வீட்டு சுவிட்ச் போடலாமா?

வேண்டாம். வீட்டு சுவிட்ச் ஏசி கரன்ட்டுக்கானது. ஏசியில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அதனால் சுவிட்சை அணைக்கும்போது உள்ளே எழும் பொறி உடனே அடங்கிவிடும். பேட்டரியிலிருந்து வருவது டிசி, அது பூஜ்யத்தைத் தொடவே தொடாது. பொறி நீடித்து சுவிட்சின் உள்பாகம் கருகும். ‘12வி டிசி’ என்று ஆம்பியர் அளவோடு அச்சிட்ட சுவிட்சாகக் கேட்டு வாங்குங்க. டாகிள் சுவிட்ச் என்றால் மேலே ரப்பர் மூடியும் சேர்த்து வாங்குவது நல்லது.

பேனலுக்குப் பின்னால்தான் மேட்டரே

பேனல் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னால் ஒயரிங் சொதப்பினால் வண்டி எரியும். சின்ன கணக்கு ஒன்று பார்ப்போம்.

ஃபாக் லைட் ஒன்று 55 வாட். இரண்டுக்கு 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9.2 ஆம்பியர். இந்த மொத்த கரன்ட்டும் டேஷ் சுவிட்ச் வழியாக ஓடினால் சுவிட்ச் சூடாகும், மெல்லிய ஒயர் உருகும். இதற்குத் தீர்வு ரிலே.

ரிலே என்பது ஒரு சுவிட்சைப் போடும் இன்னொரு சுவிட்ச். பேனலில் நீங்க தட்டும் சுவிட்ச் ரிலேயை மட்டும் தூண்டும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. லைட்டுக்கான பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராக லைட்டுக்குப் போய்விடும்.

ரிலேயின் அடியில் நம்பர் இருக்கும்:

* 30 – பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாக
* 87 – லைட்டுக்கு
* 86 – பேனல் சுவிட்சிலிருந்து
* 85 – எர்த்

மேலே சொன்ன ரெண்டு லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும், நீல நிற 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் சரியாக இருக்கும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கணும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் எங்காவது ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர் வரும் ஓட்டையில் ரப்பர் க்ரோமெட் போடச் சொல்லுங்க.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜீப் மீட்டரில் ஆம்ப் மீட்டர் இருந்தால், பேட்டரியின் நேரடி லைன் டேஷுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் கரன்ட் இருக்கும். ‘பக்கத்திலேயே லைன் இருக்கே’ என்று அதிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுக்க விடாதீங்க. எந்த வேலை ஆரம்பிக்கும் முன்பும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிடுங்க.

ரொம்பப் பழைய வில்லிஸ் என்றால் 6 வோல்ட்டாக இருக்கலாம். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால் ஐடிலில் சார்ஜ் சரியாக ஏறாது. அப்படிப்பட்ட வண்டிக்கு 18 வாட் எல்இடி லைட்டுகள் பொருத்தம். 12 வோல்ட் வண்டியில் இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர்தான் எடுக்கும்.

போலீஸ், ஆர்டிஓ பிடிப்பாங்களா?

பேனல் வைப்பதால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எந்த விவரமும் மாறாது. அந்த சுவிட்ச் எதை எரிய வைக்கிறது என்பதில்தான் சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதி 111-ன்படி, பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது. விதிக்கு மாறாக வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். அந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் இதெல்லாம் கண்ணில் படும்.

மாஞ்சோலை ரோடு போவது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். அங்கே கூரை மேல் லைட் பார் கட்டிக்கொண்டு போய் நின்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

1970-களின் ஜீப்புகள் ஒவ்வொன்றாக 50 வயதைத் தொடுகின்றன. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது கடந்து ஒரிஜினல் வடிவத்தில் இருக்கும் சொந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த ஆசை இருக்கிறவர்கள் பாடித் தகட்டில் கை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பட்டறைக்குப் போகும் முன்…

* என்னென்ன சுவிட்ச், ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று பேப்பரில் எழுதுங்க.
* அட்டை மாதிரியைக் கையோடு எடுத்துட்டுப் போங்க.
* ‘அண்ணாச்சி, டேஷ்ல ஓட்டை வேண்டாம். தனி பேனல், ரிலே, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ்’ என்று முதலிலேயே சொல்லிடுங்க.
* வேலை முடிந்ததும் எல்லா லைட்டையும் பத்து நிமிடம் போட்டுவிட்டு ஒயரைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்க.
* இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எக்ஸ்ட்ரா எலக்ட்ரிக்கல் பொருட்களை பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்க.

பத்து வருடம் கழித்து உங்க ஜீப்பை வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது டேஷ்போர்டைத்தான். நாலு போல்ட்டைக் கழற்றி பேனலை எடுத்துக் காட்ட முடிந்தால், விலை பேசும்போது நீங்க இறங்க வேண்டியிருக்காது.