பேபிகார்ன்: பூச்சியைத் தாங்கும் ரகம் மட்டும் போதுமா?

பேபிகார்ன் என்பது தனிப் பயிர் அன்று; மக்காச்சோளக் கதிரில் பட்டுநூல் வெளிவந்த ஓரிரு நாட்களுக்குள், மகரந்தம் சேர்ந்து மணி பிடிப்பதற்கு முன்பே அதை ஒடித்தால் கிடைப்பதே பேபிகார்ன். ஆகவே மக்காச்சோளத்தைத் தாக்கும் குருத்து ஈ, தண்டுத் துளைப்பான், படைப்புழு ஆகிய அனைத்தும் இதையும் தாக்குகின்றன.

இவற்றுள் இன்று பெரும் அச்சுறுத்தலாக இருப்பது படைப்புழுவே. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்புழு, 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழகத்தையும் இலங்கையையும் எட்டியது. ஒரு தாய் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. இளம்புழுக்கள் இலையைச் சுரண்டித் தின்றபின் குருத்துக்குள் புகுந்து, தம் எச்சத்தாலேயே வாயிலை மூடிக்கொண்டு வளர்வதால், மேலாகத் தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. ஆண் பூங்கொத்து வெளிவந்து குருத்தின் மறைவு நீங்கியதும், வளர்ந்த புழு கதிரை நாடுகிறது. பேபிகார்னில் அறுவடை நெருங்குவதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். கதிர் முழுதாக உண்ணப்படுவது, தட்டை மாட்டுக்குத் தீவனமாவது. அந்த நேரத்தில் நச்சு மருந்து தெளிப்பதை எவ்வகையிலும் ஏற்க முடியாது.

எனவே செடியே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். பயிர்களின் இவ்வாற்றலை 1951இல் வெளியான தம் நூலில் அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்டு பெயின்டர் மூன்றாகப் பிரித்தார்: பூச்சி விரும்பாதிருத்தல், உண்ட பூச்சியின் வளர்ச்சியைக் கெடுத்தல், சேதமடைந்தும் விளைச்சல் தருதல். மக்காச்சோளத்தின் இளஞ்செடியில் மிகுந்திருக்கும் ‘டிம்போவா’ என்னும் வேதிப்பொருள் இரண்டாம் வகைக்குச் சான்று. ஆயினும் செடி முதிர முதிர அது குறைகிறது; அதன் நஞ்சை முறிக்கும் திறனும் படைப்புழுவுக்கு உண்டு. சில ரகங்களின் பட்டுநூலில் உள்ள ‘மேசின்’ என்னும் பொருள் கதிர்ப்புழுவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்றாலும், நூல் வெளிவந்தவுடனே ஒடிக்கப்படும் கதிருக்கு அதனால் பெரும் பயன் விளையாது. மேலும், படைப்புழு கதிரை மூடிய மட்டையைப் பக்கவாட்டில் துளைத்தும் உள்ளே செல்லக்கூடியது.

மூன்றாம் வகையான தாங்குதிறனே பேபிகார்னுக்கு மிகவும் ஏமாற்றம் தருவது. மணிக்காக வளர்க்கும் மக்காச்சோளத்தில் இலை கிழிந்தாலும் கதிரில் ஓரளவு மணி தேறினால் உழவருக்கு வருவாய் உண்டு. பேபிகார்னிலோ ஒரே துளை விழுந்த கதிரும் சந்தையில் கழிக்கப்படுகிறது. சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையம் 2020இல் ஆப்பிரிக்காவுக்கென அறிவித்த, படைப்புழுவைத் தாங்கும் மூன்று வீரிய ஒட்டு ரகங்களும் மணிக்கானவையே. ஆதலால் பேபிகார்ன் ரகத்தைச் சோதிப்போர், இலைச்சேத மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், மட்டையின் இறுக்கத்தையும் துளைபட்ட கதிர்களின் விகிதத்தையும் தனியே அளந்து, விதை வாங்கும் உழவருக்கு அவற்றைத் தெரிவிக்க வேண்டும்.