கேள்வி கேட்போர் சங்கத்தின் பகைவர் அல்லர்

சங்கத்தில் புதிய அங்கத்தினர் சேருவதில்லையே என்னும் குறை பல ஊர்களிலும் நம் காதில் விழுகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்கின்றனர், உழவர் மக்கள் நகரத்தை நாடுகின்றனர் என்று காரணம் கூறுவர். அவை மெய்யே. ஆயினும், தறியையும் நிலத்தையும் விடாத பலர் சங்கத்தின் வாசலை மிதியாதிருப்பதற்கு அவை விடையாகா. அதற்குரிய காரணத்தைச் சங்கத்திற்குள்ளேயே தேடவேண்டும்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர்களுள் நெசவாளரும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை. இங்கிலாந்தின் வடபகுதியில் ராச்டேல் என்றோர் ஆலை நகரம் உண்டு. 1844ஆம் ஆண்டில் அங்கே கம்பளித் துணி நெய்வோரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் பங்கு சேர்த்து, டிசம்பர் 21ஆம் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். வாரந்தோறும் இரண்டு மூன்று பென்ஸாக மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியுமே முதற்சரக்கு. எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது அவர்கள் விதி. மறு ஆண்டின் இறுதியில் அங்கத்தினர் 74 பேராயினர். 1846இல் எலைசா பிரையர்லி என்னும் பெண்மணியும் சேர்க்கப்பட்டார். அந்நாட்டுப் பெண்கள் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதோ 1918இலேதான்.

1849இல் அவ்வூர்ச் சேமிப்பு வங்கி மோசடியால் முறிந்து, ஏழைகளின் சிறுவாட்டுப் பணம் பறிபோயிற்று. அப்பொழுது மக்கள், கணக்கைத் தம் கண்முன் விரித்துவைக்கும் சங்கத்தை நாடினர். 1850இல் அங்கத்தினர் 600 பேர்.

கூட்டம் பெருகவே கருத்து வேற்றுமையும் பெருகிற்று. பல சமயக் கொள்கையினர் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தமையால், சமய வாதங்களைச் சங்கத்தில் தடை செய்யவேண்டும் என்று சிலர் கோரினர். 1850 பிப்ரவரியில் கூடிய மகாசபை தடை விதிக்க மறுத்தது. உரிய வேளையில், உரிய முறையில் கொண்டுவரப்படும் எவ்விஷயத்தைக் குறித்தும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கருத்தைக் கூற முழு உரிமையுடையவர் என்று தீர்மானித்தது. அதனால் சங்கம் உடைந்துவிடவில்லை. 1860இல் அங்கத்தினர் தொகை 3,450 ஆயிற்று.

வாசலைத் திறந்துவைப்பதும் வாயைத் திறக்க விடுவதும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள் என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. 1995இல் சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் வகுத்த ஏழு நெறிகளுள்ளும் முதலாவது திறந்த அங்கத்துவம். இரண்டாவது அங்கத்தினரின் ஜனநாயக ஆட்சி.

இதை எழுதும் நாமே ஒருமுறை இந்நெறி தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக்குச் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை படித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, தம் கூலியில் பிடிக்கப்படும் சேமிப்புத் தொகை தம் கைப்புத்தகத்தில் ஏறாதது ஏன் என்று கேட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, தீர்மானங்கள் பல எஞ்சியிருந்தன. “கூட்டம் முடிந்தபின் பேசிக்கொள்வோம், தம்பி” என்றோம். கூட்டம் முடிந்தபோது அவரைக் காணோம். தீர்மானங்கள் யாவும் ஒருமனதாக நிறைவேறின என்று எழுதிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

மறு ஆண்டு அவர் தறியில் தனி முதலாளி ஒருவரின் பாவு ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துச் சங்கத்தில் சேர எண்ணியிருந்த இருவரும் அவ்வெண்ணத்தைக் கைவிட்டிருந்தனர். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். தொகை முழுவதும் அவர் பெயரில் பத்திரமாகவே இருந்தது. கைப்புத்தகத்தில் பதிய மறந்ததே பிழை. ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம் அது. புத்தகத்தைச் சரிசெய்து அவர் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், ஆனால் சங்கத்திற்குத் திரும்பவில்லை.

மகாசபையில் நிலவும் மௌனத்தை ஒற்றுமை என்று எண்ணி ஏமாறலாகாது. அங்கே கேட்கப்படாத கேள்வி டீக்கடையில் வதந்தியாகிறது. வதந்தி உலவும் சங்கத்தில் புதியவர் சேர மாட்டார்.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. அறிக்கை படித்து முடித்தவுடன், தீர்மானங்களுக்கு முன்பாகவே, கேள்விகளுக்கென நேரம் ஒதுக்கவேண்டும். ஒருமுறையும் பேசாதவரை முதலில் பேசச் சொல்லவேண்டும். கேள்வியையும் விடையையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதவேண்டும். உடனே விடை கூற இயலாவிடின், இன்ன தேதிக்குள் கூறுவோம் என்று குறிக்கவேண்டும். கணக்கை லட்சங்களில் மட்டும் சொல்லாது, ஒரு புடவைக்கு நூல் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, விற்ற விலை எவ்வளவு என்று விளக்கவேண்டும். உழவர் சங்கமாயின் ஒரு மூட்டை உரத்தைக் கொண்டு அவ்வாறே விளக்கலாம். தறியில் அமர்ந்து நெய்யும் பெண்களைக் கணவர் பெயரில் மறைத்துவைக்காமல், விதிப்படி அவர்கள் பெயரிலேயே சேர்க்க முயலவேண்டும்.

பேசுவோருக்கும் கடமை உண்டு. ராச்டேல் நெசவாளர் வகுத்த ‘உரிய வேளை, உரிய முறை’ என்னும் வரம்பு நமக்கும் பொருந்தும். தனிமனிதரை ஏசுவது விவாதமாகாது. பிறர் வீட்டுக் கடனை மேடையேற்றுவதும் முறையன்று.

அங்கத்தினர்களே! அடுத்த மகாசபைக்கு அறிவிப்பு வரும்போது, இதுவரை சங்கத்தில் சேராத அண்டை வீட்டார் ஒருவரையும், சங்கத்தாரின் இசைவு பெற்று, பார்வையாளராக அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வியை அவர் முன்னிலையிலேயே எழுந்து கேளுங்கள். அதற்குச் சங்கம் நேர்மையாக விடை கூறுமாயின், அவரைச் சேரும்படி வேறொருவர் வற்புறுத்த வேண்டியதில்லை.