கால அளவும் தேதிக் கணக்கும்

நிரலாக்கத்தில் கால அளவு என்பது ஒரு தேதியோடு கூட்டவோ அதிலிருந்து கழிக்கவோ வேண்டிய இடைவெளியைக் குறிக்கும் மதிப்பாகும். '2 மணி நேரம்', '45 நாட்கள்', '11 மாதங்கள்' ஆகிய மூன்றும் கால அளவுகளே. ஆனால் இவை அனைத்தையும் நொடிகளாக மாற்றி ஒரே எண்ணாகச் சேமித்துவிட முடியாது. தேதிக் கணக்கு செய்யும் நிரலகங்கள் எல்லாம் சந்திக்கும் சிக்கல் இது.

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையேறி ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "இன்னும் ஆறு வளைவு" என்று பதில் வரும். விடை சரிதான். ஆனால் ஆறு வளைவு என்பது எத்தனை கிலோமீட்டர்? இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட தூரம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாம் எந்த வளைவில் இருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் அதைக் கிலோமீட்டராக மாற்ற முடியும். மாதமும் அந்த வளைவைப் போன்றதே. தொடக்கத் தேதி தெரியாதவரை அதற்கு நாட்கணக்கு கிடையாது.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால், பலரும் 11 மாதங்களுக்கே ஒப்பந்தம் எழுதுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று தொடங்கும் ஒப்பந்தத்தில் 11 மாதங்களைக் கூட்டினால் 2026 மார்ச் 1 வரும்; இடையில் 334 நாட்கள். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து 330 நாட்களைக் கூட்டினால் பிப்ரவரி 25 வந்துவிடும். நான்கு நாள் குறைகிறது. 2027 ஏப்ரல் 1 அன்று தொடங்கினால் அதே 11 மாதங்களுக்கு 335 நாட்கள், ஏனெனில் 2028 லீப் ஆண்டு. மாதம் என்றால் 30 நாள் என்று தனிவட்டிக் கணக்கில் ஆசிரியர்களாகிய நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வட்டிக்கு அந்தத் தோராயம் போதும், தேதிக்குப் போதாது.

நீதிமன்றங்களில் இந்த வேறுபாடு ஒரு வழக்கையே முடித்துவிடக்கூடும். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தில், தீர்ப்பை எதிர்த்து மனு செய்ய 'மூன்று மாதம்' தரப்படுகிறது. தகுந்த காரணம் இருந்தால் மேலும் 'முப்பது நாள்' அனுமதிக்கலாம். ஒரே உட்பிரிவில் மாதமும் நாளும் தனித்தனி அலகுகளாக நிற்கின்றன. இமாச்சலப் பிரதேச அரசு தொடர்பான வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், இங்கே மூன்று மாதம் என்பது 90 நாள் அல்ல என்று தெளிவுபடுத்தியது. 2007 நவம்பர் 12 அன்று தீர்ப்பு கையில் கிடைத்ததாகக் கொண்டால், 90 நாட்கள் பிப்ரவரி 10 அன்றே முடிந்துவிடும். மூன்று மாதம் பிப்ரவரி 12 வரை செல்லும். கடைசி நாளில் மனுவோடு ஓடுகிறவருக்கு இரண்டு நாள் சிறிய விஷயமல்ல.

நம் முன்னோருக்கும் இந்த இரண்டு வகை அளவுகளும் பழக்கமானவை. வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், இது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி ஆகும். இது மாறாத அளவு. ஆனால் தமிழ் மாதத்தின் நீளம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். 'இரண்டு மாதம் கழித்து' என்பதற்கு எந்த மாதத்திலிருந்து என்று கேட்காமல் நாட்கணக்கு சொல்ல இயலாது.

இதனால் நல்ல நிரலகங்கள் மாதம், நாள், நொடி ஆகியவற்றை ஒன்றோடொன்று கலப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 'இன்டர்வல்' வகை மாதங்கள், நாட்கள், மைக்ரோநொடிகள் என மூன்று எண்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. 2014இல் வந்த ஜாவா 8 இதற்கு இரண்டு வகைகளைத் தந்தது: ஆண்டு, மாதம், நாளுக்கு 'பீரியட்', நொடிக்கணக்குக்கு 'டியூரேஷன்'. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கும் மாணவர்கள் அதன் 'டைம்டெல்டா'வில் மாதம் என்ற அலகே இல்லாததைக் கவனிக்கலாம். அது குறையல்ல, எச்சரிக்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. மாதம் வேண்டுமென்றால் 'டேட்யூட்டில்' தொகுப்பின் 'ரிலேட்டிவ்டெல்டா'வைப் பயன்படுத்தலாம்.

அலகுகளைப் பிரித்து வைத்தாலும் மாத இறுதியில் ஒரு தொல்லை உண்டு. 2025 ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும்? பிப்ரவரி 31 இல்லாததால் மேலே சொன்ன நிரலகங்கள் பிப்ரவரி 28ஐத் தரும். அதோடு மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. ஆனால் ஜனவரி 31 உடன் ஒரேயடியாக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. எனவே மாதத் தவணைத் தேதிகளைக் கணக்கிடும்போது முந்தைய தவணையோடு ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். கூட்டும் வரிசையும் முக்கியம். ஜனவரி 30 உடன் 'ஒரு மாதம், ஒரு நாள்' கூட்டுவோம். மாதத்தை முதலில் கூட்டினால் மார்ச் 1. நாளை முதலில் கூட்டினால் பிப்ரவரி 28. ஜாவாவும் போஸ்ட்கிரெஸும் மாதத்தையே முதலில் கூட்டுகின்றன.

நாளுக்காவது எப்போதும் 24 மணி நேரம்தானே என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டன. உலக நேர வலயத் தரவுத்தளத்தில் இந்தியாவுக்கான பதிவில் இந்த மாற்றம் இன்றும் உள்ளது. ஆகவே 1942 ஆகஸ்ட் 31 நண்பகலோடு 'ஒரு நாள்' கூட்டினால் மறுநாள் நண்பகல் 12 மணி. '24 மணி நேரம்' கூட்டினால் பிற்பகல் 1 மணி. கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கிறது.

கால அளவுகளை எழுதிவைக்க ஐஎஸ்ஓ 8601 தரநிலை ஒரு முறையைத் தருகிறது. அதில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து, நேரப் பகுதியைத் தொடங்கும் 'டி' எழுத்துக்கு முன் வந்தால் மாதம், பின் வந்தால் நிமிடம். 'டி' விடுபட்டால் ஐந்து நிமிடம் ஐந்து மாதமாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு கால அளவுகளை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 'ஒரு மாதமும் 30 நாளும் சமமா?' என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் 'ஆம்' என்கிறது. தேதியோடு கூட்டும்போது இரண்டையும் பிரித்தே நடத்தும் அதே தரவுத்தளம், ஒப்பிடும்போது மட்டும் மாதத்தை 30 நாளாகக் கொள்கிறது. ஜாவாவின் 'பீரியட்' வகையிலோ எது பெரியது என்ற ஒப்பீடே தரப்படவில்லை. இரு அளவுகளையும் ஒரே தொடக்கத் தேதியோடு கூட்டி, கிடைக்கும் தேதிகளை ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.