கிளேஸில் நிறம் தரும் தாமிரம், தாடையில் எலும்பு வளர்க்குமா?

பல்லைப் பிடுங்கியதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இடத்துத் தாடை எலும்பு அன்றிலிருந்தே கரையத் தொடங்குகிறது. கடைவாய்ப் பக்கம் ஒரே ஆண்டில் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடும். பிறகு செயற்கைப் பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்கப் போனால், திருகு பிடிக்க எலும்பு போதாது.

பல் போன குழியை நிரப்பப் பல் மருத்துவர்கள் வைக்கும் பொருள்களில் செராமிக் தூளும் ஒன்று. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து மக்களுக்கு செராமிக் என்றால் விருத்தாசலம்தான். அங்கே பீங்கானுக்குக் கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சு பூசுகிறவர்களுக்குத் தாமிரம் பச்சை தரும், கோபால்ட் நீலம் தரும் என்பது கைப்பாடம். துத்தநாக ஆக்சைடும் அவர்களுக்குப் பழக்கமானதுதான். இதே உலோகங்கள்தான் இன்று எலும்பு ஆராய்ச்சிக் கூடங்களில் பேசப்படுகின்றன.

இதற்கு வழி திறந்தவர் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி. 1969-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில், சிலிக்கான், சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து அவர் உருக்கிய கண்ணாடி, எலும்போடு ஒட்டிக்கொண்டது. பின்னர் லண்டனில் அவருடைய குழு 2001-இல் இன்னொன்றைக் கண்டது: அந்தக் கண்ணாடியிலிருந்து கரைந்து வரும் அயனிகளே எலும்பு செல்களின் மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன. நிரப்பும் பொருள் வெறும் இட்டுநிரப்பல் அல்ல, செல்லுக்கு உத்தரவிடும் பொருள் என்பது அன்று தெளிவானது.

உத்தரவு வாங்க ஆளும் அருகிலேயே இருக்கிறது. பல் கூழில் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2000-இலும், பல்லைத் தாடையோடு பிணைக்கும் நாரில் இருப்பதை 2004-இலும் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவை எலும்பு செல்லாகவும் மாறலாம், கொழுப்பு செல்லாகவும் மாறலாம். எந்த வழியில் போவது என்பதில் அயனிகளுக்கும் பங்கு உண்டு. எலும்பில் தாது படியத் தேவையான ஆல்கலைன் பாஸ்படேஸ் என்சைம் துத்தநாகம் இல்லாமல் இயங்காது. தாமிரம் புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. ரத்தம் வராத இடத்தில் எலும்பு நிலைக்காது. ஸ்ட்ரோன்சியம் கால்சியத்தைப் போலவே நடந்துகொண்டு எலும்பு கட்டுவதை ஊக்குவிக்கிறது, அரிப்பதைத் தடுக்கிறது.

ஆனால் அளவு மீறினால் இதே தாமிரமும் துத்தநாகமும் செல்லைக் கொல்லும். எலும்புத் தேய்வுக்கு வாய்வழி மருந்தாகக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரோன்சியம் ரானலேட்டுக்கு, இதயப் பாதிப்பு காரணமாக 2014-இல் ஐரோப்பா கடும் கட்டுப்பாடு விதித்தது. உடம்பு முழுக்கப் பரவாமல், தேவைப்படும் குழியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவதில்தான் செராமிக்கின் அருமை இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் என். செல்வமுருகன் குழு, கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளோடு, எலும்புத் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட், தாமிரம், துத்தநாக நுண்துகள்களைச் சேர்த்துச் செய்த, எலும்பு வளரத் தாங்கும் சாரத்தை 2012-இல் வெளியிட்டது. அது கிருமிகளை எதிர்த்தது; எலியின் எலும்பு முன்னோடி செல்களுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்றாலும், திசை சரியானது.

விருத்தாசலத்தில் செராமிக் படிப்பு இருக்கிறது. சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் இருக்கும் இந்த இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அரசு முன்வர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். குழந்தையின் பால் பல்லிலிருந்து ஸ்டெம் செல்லைச் சேமித்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அதை அனுமதிக்கவில்லை.