தத்தியும் உருண்டும் தடம் பதிக்கும் சிறு பொறிகள்

வேற்றுலகை ஆராயச் செல்லும் வண்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது சக்கரங்கள் பூண்ட ஓர் ஊர்திதான். அது இயல்பே. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் சோவியத் நாடு நிலவில் இறக்கிய லூனகோத் எட்டுச் சக்கரங்களின் மேல் ஓடியது. பின்னர் செவ்வாய்க் கோளுக்குச் சென்ற அமெரிக்க ஊர்திகளும் சக்கரங்களையே நம்பின. ஆயினும் எல்லா நிலமும் சக்கரத்திற்கு இடங்கொடுப்பதில்லை. 2004-ஆம் ஆண்டு சனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, தொண்ணூறு நாள் பணிக்கென்று அனுப்பப்பட்டு, ஆறு ஆண்டுகளுக்கு மேல் அயராது உழைத்தது. 2009-இல் மென்மணலில் அதன் சக்கரங்கள் புதைந்தன. சுழலச் சுழல இன்னும் ஆழப் புதைந்தனவேயன்றி மீளவில்லை. 2010-ஆம் ஆண்டு மார்ச்சு 22-க்குப் பின் அதன் குரல் கேட்கவேயில்லை.

மணலாவது பரவாயில்லை. குறுங்கோள்களில் சக்கரம் அறவே பயனற்றுப் போகிறது. ஒரு வண்டி முன்னே செல்ல வேண்டுமாயின் அதன் எடை தரையை அழுத்த வேண்டும். அப்போதுதான் சக்கரத்திற்குப் பிடி கிடைக்கும். ரியுகு என்னும் குறுங்கோளை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறத்தாழ 900 மீட்டர். அதன் ஈர்ப்பு விசை நம் பூமியின் ஈர்ப்பில் சுமார் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. இங்கே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே நின்றால் ஒரு கிராம் எடைகூட இருக்கமாட்டார்! அத்தகைய இடத்தில் சக்கரம் சற்றே வேகமாகச் சுழன்றாலும் வண்டி தரையை விட்டு எழும்பிவிடும். 'எழும்புவதைத் தடுக்க இயலாதாயின், எழும்புவதையே நடையாக்கிக் கொண்டால் என்ன?' என்று அறிஞர்கள் எண்ணினர். தவளைபோல் தத்தும் பொறிகள் இவ்வாறு பிறந்தன.

தத்தலின் தொடக்கம்

வேற்றுலகில் தத்துவது முற்றிலும் புதிதன்று. 1967-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், நிலவில் இறங்கியிருந்த அமெரிக்காவின் சர்வேயர்-6 தன் பொறிகளை மீண்டும் இயக்கிச் சில மீட்டர் உயரம் எழும்பி, இரண்டரை மீட்டர் அளவு தள்ளி இறங்கியது. நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம், செப்டம்பர் 3-ஆம் நாள் சுமார் 40 செ.மீ. எழும்பிச் சற்றுத் தள்ளி நலமாக அமர்ந்தது. அத்திட்டத்தை நடத்திய இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம் மண்ணின் மைந்தர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் இவை பெரிய கலங்கள் எரிபொருளை எரித்துச் செய்த ஒருமுறைத் தாவல்கள். தத்தித் தத்தியே ஆய்வு நடத்தும் சிறு பொறிகளின் கதை வேறு. அது தோல்வியில் தொடங்கிய கதை.

காணாமற்போன முதல் தத்துப்பொறிகள்

செவ்வாயின் துணைக்கோளாகிய போபோசில் இறக்குவதற்கென ஒரு தத்துப்பொறியைச் சோவியத் அறிஞர்கள் அனுப்பினர். அதைச் சுமந்து சென்ற போபோஸ்-2 விண்கலத்தின் தொடர்பு 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 27-இல் அறுந்தது. தத்துப்பொறி ஒருமுறையேனும் தத்தாமலே மறைந்தது.

அடுத்து முயன்றவர்கள் சப்பானியர். ஹயபுசா என்னும் அவர்களது விண்கலம் 2005-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இடோகவா என்னும் குறுங்கோளை நெருங்கி, மினெர்வா என்ற சிறு பொறியை விடுத்தது. அந்தோ! விடுத்த நேரத்தில் தாய்க்கலம் மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தது. ஆகவே அச்சிறு பொறி தரையைச் சேராமல், எல்லையற்ற வெளியில் மிதந்து போயிற்று. அதன் எடை 600 கிராமுக்கும் குறைவு. அதற்கென உழைத்தவர்களின் ஆண்டுகளோ பல.

அவர்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், ஹயபுசா-2 விண்கலம் ரியுகுவின் மேல் இரு மினெர்வாக்களை விடுத்தது. ஒவ்வொன்றும் 18 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. உயரமும் கொண்டது, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதி. நம் வீட்டுச் சம்புடம் அளவுதான். இம்முறை இரண்டும் தரையைத் தொட்டன. ஒரு குறுங்கோளின் முகத்தில் முதன்முதலாக இயந்திரங்கள் நடமாடின.

எவ்வாறு தத்துகின்றன?

இப்பொறிகளுக்குக் கால்கள் இல்லை. வெளியே சக்கரங்களும் இல்லை. உள்ளே ஒரு மோட்டார் எடையொன்றைச் சுழற்றுகிறது. உள்ளெடை ஒரு பக்கம் சுழல, வெளியுடல் மறுபக்கம் திரும்ப முயன்று தரையை உந்துகிறது. உடனே பொறி எழும்புகிறது. ஒரு தத்தலில் 15 மீட்டர் வரை செல்லலாம். மீண்டும் தரையில் விழுவதற்குள் கால்மணி நேரம் வரை ஆகலாம்!

அப்போது ரியுகு நம்மிடமிருந்து ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலிச் செய்திக்கே அங்கே போய்ச்சேரச் சுமார் 17 நிமிடங்கள் வேண்டும். ஆகவே எப்போது தத்துவது, எதைப் படமெடுப்பது என்பதையெல்லாம் பொறி தானே முடிவு செய்யும்படி அமைத்திருந்தனர். எப்பக்கமாக விழுந்தாலும் கதிரொளி பெற்று இயங்கும்படி சுற்றிலும் சூரிய மின்தகடுகளையும் பொருத்தியிருந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து செய்த மாஸ்கட் என்னும் பெட்டியும் அதே குறுங்கோளில் இறங்கியது. மின்கலத்தின் வலிமையை மட்டுமே கொண்டு 17 மணி நேரம் உழைத்து ஓய்ந்தது. தாய்க்கலம் அள்ளிய 5.4 கிராம் மண்ணும் கல்லும் 2020-ஆம் ஆண்டு திசம்பரில் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வந்து இறங்கின. உயிரினங்களின் புரதத்திற்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் அதில் இருக்கக் கண்டனர்.

உருண்ட பந்து

2024-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் சப்பானின் ஸ்லிம் கலம் நிலவில் இறங்கியது. இறங்கிய இடம், அலெக்சாந்திரியா நகர ஆயர் புனித சிரில் பெயர் தாங்கிய சிரில்லஸ் பெருங்குழியின் பகுதி. நிலவின் குழிகளுக்கு அறிஞர் பெயர்களையும் புனிதர் பெயர்களையும் சூட்டும் முறையை 1651-இல் வெளியிட்ட தம் நூலில் வகுத்தவர் சேசு சபைக் குருவாகிய ரிச்சியோலி என்பதை நாம் இங்கு நினைவுகூரலாம்.

தரைக்கு 50 மீட்டர் உயரத்தில் ஸ்லிம்மின் இரு பொறிகளுள் ஒன்று செயலிழந்தது. கலம் தலைகுப்புற நின்றது. ஆனால் தரையைத் தொடுமுன் அது இரு குழந்தைகளை வெளியே விட்டிருந்தது. ஒன்று, தத்திச் செல்லும் சுமார் 2 கிலோ எடையுள்ள பொறி. மற்றது 8 செ.மீ. விட்டமும் 250 கிராம் எடையும் கொண்ட ஒரு பந்து. இப்பந்தை உருவாக்குவதில் பங்குகொண்டது யார் தெரியுமா? குழந்தைகளுக்குப் பொம்மை செய்யும் டோமி நிறுவனம்! தரையில் விழுந்ததும் பந்து இரண்டாகப் பிரிந்து, இரு அரைக்கோளங்களும் சக்கரங்களாக மாறின. அது நகர்ந்து சென்று, தலைகீழாய் நின்ற தாய்க்கலத்தைப் படமெடுத்து, தத்துப்பொறியின் வழியாகப் பூமிக்கு அனுப்பியது. பெரியதன் நிலையைச் சிறியவை இரண்டும் உலகுக்கு ஐயமற உணர்த்தின.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் அமெரிக்க நிறுவனமொன்றின் அதீனா கலம் நிலவில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அதிலிருந்த கிரேஸ் என்னும் தத்துப்பொறி வெளிவரவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

நமக்கென்ன?

'பசித்தவனுக்குச் சோறில்லாத உலகில் விண்ணில் பந்து உருட்டுவது தகுமா?' என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாம் தள்ளிவிடலாகாது. ஏழையின் பசி ஒருபோதும் காத்திருக்க வேண்டிய ஒன்றன்று. எனினும் இறைவன் படைத்ததை அறிய விழைவதும் அவர் தந்த அறிவுக்கு நாம் செலுத்தும் நன்றியே. பாப்பரசர்கள் வானாய்வுக்கூடம் ஒன்றைப் பேணி வருவதும் இந்நோக்கத்தோடுதான். இரு கடமைகளும் ஒன்றையொன்று விழுங்காமல் காப்பதே பொறுப்புள்ள சமுதாயத்திற்கு அழகு.

இச்சிறு பொறிகளிடம் நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்றும் உண்டு. இவற்றைச் செய்தவர்கள் 'விழவே கூடாது' என்று செய்யவில்லை. விழுவது உறுதி என்று அறிந்து, எப்படி விழுந்தாலும் ஒளியைப் பெற்று மீண்டும் எழும்படி செய்தார்கள். நாமோ நம் பிள்ளைகளை எவ்வாறு வளர்க்கிறோம்? தேர்வில் ஒருமுறை தவறினால் குடிமுழுகிப் போனதுபோல் புலம்புகிறோம். உறவினர் முன் தலைகுனிகிறோம். தவறிய பிள்ளைக்கு வீட்டில் முகங்கொடுப்பாரில்லை என்னும் நிலை ஏற்படுமாயின், அப்பிள்ளை எங்கே செல்லும்? இடோகவாவைத் தவறவிட்ட அறிஞர்களை அவர்கள் நாடு அன்றே கைவிட்டிருந்தால் ரியுகுவின் கதையே இல்லை.

விழுவோம் என்பதை அறிந்தே அன்னை திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தை நம் கையருகில் வைத்திருக்கிறாள். அந்த இரக்கத்தை ஆலயத்தில் பெற்றுக்கொள்ளும் நாம், வீட்டில் நம் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா? இம்மாதம் தேர்வு முடிவை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், முடிவு வருமுன்னரே அதனிடம் சொல்லிவிடுங்கள்: 'எப்படி வந்தாலும் நீ எங்கள் பிள்ளை.'