நாயின் தாழ்ந்த தலை

நாயைப் பழித்தலிலும் புகழ்தலிலும் நம்மவர் சளைத்தவரல்லர். ஒருவனை ஏசுதற்கு அதன் பெயரையே எடுத்தாளும் நாம், நட்புக்கு யானையினும் நாயே சிறந்ததென்னும் நாலடியாரையும் மாணவர்க்குப் பாடஞ் சொல்கின்றோம். தொல்காப்பியர் மரபியலிலே அதன் இளமைக்குக் குருளையென்றும், பெண்ணுக்குப் பாட்டியென்றும் பெயர் வகுத்தார். (பாட்டியென்றதும் வகுப்பு நகைக்காத ஆண்டு என் நினைவில் இல்லை.) இத்தனை கற்றும், என் வீட்டு முற்றத்து நாயை நான் கற்றேனல்லேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பாடசாலையால் மீண்டு படலையைத் திறந்தேன். என் தந்தையார் கைக்குறிப்புகள் நிறைந்த சூடாமணி நிகண்டு திண்ணையிலே கிழிந்து கிடந்தது. விலங்கின் பெயர்த்தொகுதிக்கே சேதம் மிகுதி. ஞமலி, ஞாளி, சுணங்கன் என்னும் தன் பெயர்களையெல்லாம் வீமன் சுவைத்துத் தீர்த்துவிட்டது போலும்! என்னைக் கண்டதும் அது தலை தாழ்த்தி, செவி மடித்து, வாலை ஒடுக்கிப் பதுங்கிற்று. “செய்த குற்றம் அதற்கே தெரிகிறது, பாருங்கள்” என்றாள் மனைவி. கையிலிருந்த குடையால் அடித்தேன்.

பேராதனையில் மிருக வைத்தியம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் இதனைக் கேட்டுச் சிரிக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே அலெக்சாந்திரா ஹொரோவிற்ஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட ஆய்வொன்றைச் சொன்னார். பதினான்கு நாய்கள், உண்ணலாகாதென விலக்கப்பட்ட ஒரு தின்பண்டம். உரிமையாளர் வெளியே சென்றபின் சில நாய்கள் அதனை உண்டன, சில உண்ணவில்லை. ஆயின், நடந்ததைப் பற்றி உரிமையாளருக்குச் சிலவேளை மெய்யும் சிலவேளை பொய்யும் கூறப்பட்டன. குற்றமுகம் காட்டியவை உண்ட நாய்களோ? அல்ல, ஏசப்பட்ட நாய்கள். உண்ணாதிருந்தும் ஏச்சு வாங்கிய நாயிடமே அம்முகம் மிகுதியாகக் காணப்பட்டதாம்.

ஆகவே வீமன் அன்று கண்டது நிகண்டையன்று, என் முகத்தை. நான் குற்றவொப்புதல் என்று வாசித்தது, சினம் தணியுமாறு அது செய்த வேண்டுகோள்.

அதே பிழையை நான் முன்னரும் செய்திருந்தேன். உணவுண்ணும்போது நெருங்கிய என் பேரனை நோக்கி வீமன் உறுமியதற்காக இரண்டு மூன்று முறை அடித்திருக்கின்றேன். உறுமல் நின்றது, நன்றாகப் பழக்கினேன் என்று மகிழ்ந்தேன். பின்னொருநாள் அது உறுமாமலே கடித்தது. காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடுநீரிலே கால்மணி நேரம் கழுவி, ஆசுபத்திரிக்கு ஓடினோம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் தொடர்ந்தது. பிள்ளை பிழைத்தான்.

உறுமல் எச்சரிக்கை. அதற்கும் முன்னே வேறு குறிப்புகள் உண்டு: முகந்திருப்புதல், பசியின்றியே வாயை நக்குதல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், உடல் விறைத்தல், விழியோரத்து வெண்மை தோன்றக் கடைக்கண்ணால் நோக்குதல். இவற்றைக் கண்டு விலகினால் உறுமலே வேண்டப்படாது. உறுமலை அடித்தடக்கினால் அச்சம் போவதில்லை, அறிவிப்பே போகின்றது.

பழக்குதலிலும் காலம் பெரிது. நற்செயல் நிகழ்ந்த ஓரிரு நொடியிலே கொடுக்கும் கருவாட்டுத்துண்டு, எதற்காகக் கொடுக்கப்பட்டதென்று நாய்க்கு விளங்கும். மத்தியானத்துக் குற்றத்துக்கு மாலையில் விழும் அடியோ, வீட்டுக்காரன் படலை திறப்பதையே அஞ்சக் கற்பிக்கும். கடித்துத் தீர்க்கும் இயல்பை விலக்குவது வீண்; மென்றிடப் பழங்கயிற்றுத் துண்டொன்றைக் கொடுத்து, நூலை உயரே வைத்தல் வேண்டும். நிகண்டு இப்பொழுது அலுமாரியில் உள்ளது.

வீமன் உண்ணுமிடத்தை வேலியோரம் மாற்றினோம். உண்ணும்போது பேரன் அப்பக்கம் போவதில்லை. மற்ற வேளைகளில், பெரியவர் ஒருவர் அருகிருக்க, “இரு” என்று அவன் சொன்னால் அது இருக்கின்றது. மழைக்காலத்தில் நான் குடையை எடுத்தால் மாத்திரம், எழுந்து படலைக்கு அப்பாற் போய் நிற்கின்றது.